நினைவு முந்திய ஊர்

கரட்டூரில் நினைவு வாழ்க்கையை முந்திக்கொண்டு ஓடத் தொடங்கியது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை. அம்மனுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த பெண்கள், கூழை ஊற்றி முடித்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த ஞாபகம் தங்களுக்கு இருப்பதைக் கண்டு, அண்டாவை எட்டிப் பார்த்து, கூழ் இன்னும் கொதித்துக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று துடுப்பைப் போட்டுத் துழாவினார்கள். அவ்வளவுதான் அவர்கள் காட்டிய ஆச்சரியம். நான் பக்கத்து ஊர்க்காரன், கரட்டூர்க்காரர்களை எனக்குத் தெரியும். வானம் இடிந்து தெருவில் விழுந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தறியை ஓட்டிவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

காரணம் கேட்டால் குமரகுருவின் டிசைன் கடையைக் காட்டுவார்கள். சேலைக் கரையிலும் முந்தானையிலும் வரும் பூவையும் கொடியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவது அவன் மனைவி கோமளாவின் வேலை. அந்தக் கட்டங்களைப் பார்த்து, தறிக்கு மேலே சங்கிலியாகத் தொங்கும் அட்டைகளில் துளை அடிப்பது அவன் வேலை. பெரிய முந்தானை வரையும்போதெல்லாம் கம்ப்யூட்டர் திணறி நிற்கிறது என்று அன்று காலைதான் சேலத்திலிருந்து ரிப்பேர்க்காரன் இனாயத்தை வரவழைத்திருந்தார்கள். அவன் பெட்டியைக் கழற்றி, புது மெமரி இரண்டைச் செருகி, திரையில் நீலமாக வந்த பக்கத்தில் எண்களை மாற்றினான்.

“அக்கா, மூளைக்கும் மெமரிக்கும் நடுவுல ஒரு பாதை இருக்கு. அது நூறுல ஓடுது. இந்தப் புது மெமரி நூத்தி முப்பத்து மூணுல ஓடும். இதுவரைக்கும் ரெண்டையும் ஒரே வேகத்துல கட்டி வெச்சிருந்தோம். இந்த போர்டுல அவுத்து உட்டுக்கலாம். பாதை அதும்பாட்டுக்குப் போவும், மெமரி அதும்பாட்டுக்குப் போவும்.”

“தறியில ஊடு நூல் நாடா ஒரு வேகத்துலயும் அட்டை ஒரு வேகத்துலயும் ஓடுனா பூ வேற எடத்துல போய் உழுமே, தம்பி” என்றாள் கோமளா.

“இதுல அப்படி ஆவாதுக்கா. முன்னாடி வந்தது நின்னு காத்திருக்கும்.”

அவன் சொன்னது பெட்டிக்குள் நடந்ததோ இல்லையோ, ஊருக்குள் அப்படியே நடந்தது. கால்களும் கைகளும் நாக்கும் பழைய வேகத்திலேயே போக, நினைவு மட்டும் முன்னால் ஓடிப்போய், இன்னும் வராத நாட்களின் வாசலில் நின்று, பின்னால் வரும் ஆட்களுக்காகக் காத்திருந்தது. எவ்வளவு தூரம் முன்னால் என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நடந்த கல்யாணமும் நடக்கப்போகும் கல்யாணமும் மனசுக்குள் ஒரே மாதிரி சாம்பார் மணத்தோடுதான் இருந்தன.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதாத பரீட்சைக்கு அழுது முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அதே தப்புகளை எழுதிவிட்டு வந்தார்கள். அடுத்த மாத வளைகாப்பில் சம்பந்தியம்மாள் சொல்லப்போகும் ஒரு சொல்லுக்காக இந்த மாதமே இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்தின. வளைகாப்பு வந்தபோது, சொல்லியாக வேண்டுமே என்று அந்தம்மாள் சங்கடத்தோடு அந்தச் சொல்லைச் சொன்னாள். விருந்தாளி வருவதற்கு முன்னால் சமைத்துவைக்கவும், தடுமன் பிடிப்பதற்கு முன்னால் கஷாயம் வைக்கவும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் “சாப்பிட்டாச்சா” என்று கேட்பதை விட்டுவிட்டு, பேச்சைத் தொடங்கும் முன், “நடந்ததா, வரப்போறதா?” என்று கேட்டுக்கொண்டார்கள். நெசவாளர் சங்கத் தலைவர் செங்கோட்டையன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ஒருவருக்கு வரப்போகும் கெட்டதை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்லக் கூடாது, அது மரியாதை இல்லை என்று தெருத்தெருவாக அறிவித்தார்.

இவை எல்லாவற்றிலும் விசேஷம், நினைத்ததை மாற்ற ஒருவரும் முயலவில்லை என்பதுதான். டீக்கடைப் பாய்லர் அருகே வழுக்கி விழுந்த ஞாபகம் வந்த மாரப்பன், கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் வழுக்கி விழுந்து, கிண்ணத்தைத் திறந்து முட்டியில் தடவிக்கொண்டான். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டால், “உங்க வூட்டுக்கு வந்தாப்புல ஞாபகமே இல்லீங்களே” என்று சொல்லி வராமல் இருந்துவிட்டான். பாத்தி கட்டிவிட்ட தண்ணீர் மாதிரி, ஊர் நினைவு காட்டிய வழியில் போய்க்கொண்டிருந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது அவர்களுக்கு. முடிவெடுக்கிற தொல்லை ஒழிந்தது பாருங்கள்.

புரட்டாசி பிறந்ததும் பெண்கள் கோமளாவின் கையைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரேஷன் கடை வரிசையில், தண்ணீர்க் குழாயடியில், பேச்சுவாக்கில் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சங்கத்தின் அறிவிப்பு அப்படி. பக்கத்து வீட்டில் ராட்டையில் நூல் சுற்றும் தைலம்மா மட்டும், ஒரு நாள் கோமளா கொண்டுபோய்க் கொடுத்த பணியாரத்தை வாங்கிக்கொண்டு, தாங்க முடியாமல் வாயை விட்டுவிட்டாள்.

“உங்கண்ணன் கோடிச் சீலையைக் கையில ஏந்திக்கிட்டுப் பந்தலுக்குள்ள வந்தப்ப, எனக்கு ஈரக்கொலையே அறுந்து போச்சு கண்ணு.”

சொன்னவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

யாருக்குக் கோடி என்று கோமளா கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லை என்று நினைத்தாள். கோடி என்பது தண்ணீர் படாத புதுச் சீலை. புருஷனை இழந்தவளின் தோளில் அதைப் போர்த்துவது பிறந்த வீட்டு அண்ணனின் கடமை. கரட்டூரில் கல்யாணமான எந்தப் பெண்ணிடமும் அண்ணன் கோடி கொண்டுவந்தான் என்று சொன்னால், அவள் கை முதலில் தாலிக்குத்தான் போகும். கோமளாவின் கையும் அங்கேதான் போனது.

அன்றிலிருந்து அவள் குமரகுருவை நிழல்போலத் தொடர்ந்தாள். அவனுடைய மொபெட் சாவியை அரிசித் தவலைக்குள் போட்டாள். துளை அடிக்கும் இயந்திரத்தின் பட்டையை அவன் தொடுவதற்கு முன் தான் தொட்டுப் பார்த்தாள். குழம்பில் உப்பைக் குறைத்தாள், அவன் குளியலறைக்குள் போனால் வெளியே நின்று பெயர் சொல்லாமல் “ஏங்க, ஏங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் எதற்கும் மறுப்புச் சொல்லாமல் உள்ளிருந்து “இருக்கேன், இருக்கேன்” என்று பதில் கொடுத்தான். கோபக்காரன் அவன். சாதாரண நாளில் இப்படிச் செய்திருந்தால் செம்பு பறந்திருக்கும். இப்போது அவள் போட்டதைச் சாப்பிட்டு, அவள் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்காதபோது அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சாகப்போவது தெரிந்த மனுஷன் இப்படித்தான் அடங்கிப் போவான் போல என்று நினைத்து, அவள் அடுப்படியில் போய் அழுதாள்.

உண்மை அவளுக்குத் தெரிந்தது மகளால்தான். நாலாம் வகுப்புப் படிக்கும் யாழினிக்கு முழங்கை வரை முடி. தினமும் காலையில் அம்மாவின் முழங்காலுக்கு நடுவே உட்கார்ந்து, இழுக்காதே இழுக்காதே என்று கத்தாமல் அவள் சடை பின்னிக்கொண்டதே இல்லை. ஐப்பசியில் ஒரு காலை, கோமளா சீப்போடு கூப்பிட்டபோது பிள்ளை வரவில்லை. உள்ளே பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கைகளையும் பின்னால் வளைத்து, பின்னலின் மூன்று கால்களில் ஒன்றைத் தவறவிட்டு, அவிழ்த்து, மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். கை கடுத்துப்போய் உதடு பிதுங்கியிருந்தது.

“ஏண்டி, நான் பின்ன மாட்டனா?”

“பழகிக்கறேம்மா” என்றாள் யாழினி, கண்ணாடியைப் பார்த்தபடியே.

அப்பன் சாகப்போகிற பிள்ளை எதற்காகத் தானே சடை பின்னப் பழக வேண்டும்? கோமளா கையில் சீப்போடு அங்கேயே நின்றாள். பிறந்த வீட்டுக் கோடிக்கு இன்னொரு வேளையும் உண்டு. கல்யாணமான பெண் செத்துப்போனால், அண்ணன் கொண்டுவரும் கோடி அவள் உடம்பின் மேல் விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். இது தெரியாதவள் இல்லை அவள். தன் பெயரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். யாருக்குத்தான் தோன்றும்.

பிறகுதான் அவள் தன் நினைவுக்குள் போய்த் தேடினாள். ஊரே பார்த்த அந்தப் பந்தலை அவள் பார்க்கவில்லை. மேளச் சத்தம் இல்லை, அண்ணன் இல்லை. அவளுக்கு இருந்த கடைசி ஞாபகம், அடுப்படி வாசலில் உட்கார்ந்து பீர்க்கங்காயைத் தோல் சீவுவது. வானம் மூட்டமாக இருக்கிறது. மழை விழப்போகிறது. அரிவாள்மனை மேல் பாதி சீவிய காய் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இருட்டுகூட இல்லை.

கடைக்குப் போனால் அங்கே இனாயத் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். குமரகுருதான் அவளுக்குத் தெரியாமல் போன் போட்டு வரவழைத்திருந்தான். பாதையையும் மெமரியையும் மறுபடி ஒரே வேகத்தில் கட்டிவிடச் சொல்லியிருந்தான்.

“கட்டுனா என்னாவும் தம்பி?” என்று கேட்டாள் கோமளா.

இனாயத் வெளியூர்க்காரன். அவன் நினைவு பழைய வேகத்தில்தான் ஓடியது, அதனால் அவனுக்கு மட்டும்தான் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது. “முன்னாடி போய் நிக்கறதெல்லாம் அழிஞ்சிரும்க்கா. எல்லாரும் மறந்துருவாங்க. நீங்களும்.”

குமரகுரு தலையைக் குனிந்துகொண்டான். “மறந்துட்டீன்னா இருக்கற வரைக்கும் சிரிச்சிக்கிட்டு இருப்பேல்ல, கோமளா. அதுக்குத்தான்.”

“புரட்டாசியிலருந்தே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“நான் சாவறத மறக்கறதுக்கு ஆளக் கூட்டியாந்தீங்க. சாவாம இருக்கறதுக்கு என்ன பண்ணுனீங்க?”

“நான் பாத்துட்டேன் கோமளா. கொள்ளிச் சட்டி என் கையில இருந்துச்சு. சூடுகூட ஞாபகம் இருக்கு.” அவன் உள்ளங்கையைத் திறந்து காட்டினான். அதில் ஒன்றுமில்லை. அப்புறம் பெரிய ஆண்பிள்ளை, பிள்ளையைப்போல விசித்து அழுதான்.

அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. கோபம்தான் அதிகம். இனாயத்தைப் பார்த்து, எதையும் தொடாதே, எழுந்து வா, காபி குடித்துவிட்டுப் போ என்றாள். பயப்பட வேண்டியது எது என்பதையே மறந்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய் அதில் விழ அவளுக்குச் சம்மதமில்லை.

பீர்க்கங்காய் வாங்குவதை நிறுத்திப் பார்த்தாள். காய்காரி குப்பம்மாள் கூடையை இறக்கி, அதிலிருந்து இரண்டு பீர்க்கங்காயை எடுத்து வாசல்படியில் வைத்துவிட்டு, “நான் குடுத்த ஞாபகம் இருக்குதுங்க, அதுக்குத்தான்” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அவற்றைக் கோமளா மாட்டுக்குப் போட்டாள். மறுநாளும் குப்பம்மாள் வைத்தாள், அதற்கு மறுநாளும் வைத்தாள். இவள் எறிய எறிய, வாசலுக்குக் காய் வந்துகொண்டே இருந்தது. அதற்குள் பந்தல்காரன் அவர்கள் வீட்டு முன்பக்கத்தை அடி வைத்து அளந்துவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் யாழினியை வீட்டுப்பாடம் கேட்பதை விட்டுவிட்டார். டிசைன் கேட்டு வருகிறவர்கள் வரவில்லை. அவளுக்குக் காய்ச்சலா, நெஞ்சுவலியா, டாக்டரிடம் காட்டினாயா என்று அந்த ஊரில் ஓர் ஆள் கேட்கவில்லை. எல்லோரும் அழுதார்கள், எல்லோரும் ஆயத்தமாக இருந்தார்கள், எல்லோரும் நல்லவர்கள். அவளைக் கொல்லப்போவது எந்த நோயும் இல்லை, இந்த மரியாதைதான் என்று கோமளாவுக்குப் புரிந்தபோது, அழுகை நின்று உடம்பெல்லாம் எரிந்தது.

மேகம் இறங்கி வந்து ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் தலையை மூடிய ஒரு முற்பகலில், வாசல்படியில் கிடந்த அன்றைய பீர்க்கங்காயைத் தாண்டிக்கொண்டு, அவள் மேட்டுத் தெருவில் இருக்கும் அண்ணன் ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனாள். அண்ணி அவளைப் பார்த்ததும் சட்டென்று பீரோவின் முன்னால் போய் நின்றாள். அதுவே போதுமாக இருந்தது.

“எனக்குன்னு சீலை எடுத்து வெச்சிருக்கியாமே, குடுண்ணா.”

ஏகாம்பரத்துக்கு முகம் வெளிறிவிட்டது. “என்ன பேச்சு பேசற நீ. இன்னும் நேரம் இருக்குதும்மா.”

“எனக்குத்தானே எடுத்த?”

“நாலு கடை ஏறி இறங்கித்தான் எடுத்தேன். நீ போட்ட கரைதான் வேணும்னு தேடிப் புடிச்சு…” அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “கோடிய உசுரோட இருக்கறவ கட்டக் கூடாதும்மா.”

“நான் கட்டிட்டா அது கோடியே இல்லண்ணா. சீலை.”

அண்ணியை நகர்த்திவிட்டு அவளே பீரோவைத் திறந்தாள். அரக்கு நிறத்தில், கடுகு மஞ்சள் கரை போட்டு, மடிப்பு கலையாமல் இருந்தது. உள்ளறைக்குள் போய், கட்டியிருந்ததை அவிழ்த்துப் போட்டுவிட்டு அதைக் கட்டினாள். கஞ்சி மொடமொடப்பில் கொசுவம் நிற்கவில்லை, இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினாள். நல்ல சீலைதான். அண்ணனுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்ததெல்லாம் வேறு ரகம்.

அதைக் கட்டிக்கொண்டு அவள் தெருவில் இறங்கியதும், முதலில் மேட்டுத் தெருவில் தறிகள் நின்றன, பிறகு கோயில் தெருவில் நின்றன, பிறகு ஊர் முழுக்க நின்றன. பிணத்தின் மேல் கிடந்ததாகத் தாங்கள் நினைவில் வைத்திருந்த அந்தச் சீலை, வேர்த்து, கசங்கி, வேகமாக நடந்து போவதை ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சிலர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத்துக்கு முன்னால் செங்கோட்டையன் வழியை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தின் முகங்களில் அதுவரை இருந்த இரக்கம் இப்போது இல்லை.

“ஊர்ல அத்தன பேரு ஞாபகத்தையும் பொய்யாக்கறியாம்மா நீ?”

“ஆமாங்க.”

“நாங்க அழுதிருக்கோம்மா உனக்கு. மூணு நாளு அடுப்பு பத்த வெக்காம இருந்திருக்கோம்.”

“அழுததுக்குப் பதிலா ஒருத்தராச்சும் வந்து, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கலாமுங்க” என்றாள் கோமளா. “தள்ளுங்க. மழை வருது, துணி துவைக்கணும்.”

அவர் தள்ளவில்லை. அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து தைலம்மா முன்னால் வந்து, தலைவரின் தோளைப் பிடித்து, ராட்டையை நகர்த்துகிற மாதிரி ஒரு பக்கமாக நகர்த்தினாள். அப்படிச் செய்ததாகத் தனக்கு ஞாபகமே இல்லை என்று அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பழஞ்சேலைக்கு மாறிய கோமளா, வாசலிலேயே, ஊர் பார்க்க, வாளித் தண்ணீரில் அந்தச் சீலையை முக்கினாள். சோப்புப் போட்டு, கல்லில் அடித்து, சாயம் கலங்கிச் சிவப்பாக ஓடும்வரை அலசி, பிழிந்து, கொடியில் விரித்தாள். தண்ணீர் பட்ட சீலையைப் பாடையில் போட மாட்டார்கள். இனி அண்ணன் எதை ஏந்திக்கொண்டு பந்தலுக்குள் வருவான் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஊருக்குள் முதன்முதலாக ஒரு ஞாபகத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போனது.

பிறகு அவள் வாசல்படியில் கிடந்த இரண்டு பீர்க்கங்காயையும் எடுத்துக்கொண்டு, அடுப்படி வாசலில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். எத்தனை நாளைக்கு அதைத் தூக்கி எறிந்துகொண்டிருப்பது. குமரகுரு எதிரில் வந்து உட்கார்ந்தான். யாழினி அம்மாவின் முதுகோடு ஒட்டி, இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். வானம் மூட்டமாக இருந்தது. காய் பாதி சீவப்பட்டது. அவளுடைய நினைவு முடிந்துபோன இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும், அவள் சொல்லாமலே அவர்களுக்கும் தெரியும். கை ஒரு கணம் நின்றது. செத்தாலும் சரி, சீவிவிட்டுத்தான் சாவது என்று அவள் காயைத் திருப்பி, மறுபாதியை அரிவாள்மனையில் வைத்து இழுத்தாள்.

மழை விழுந்தது. ஓட்டின் மேல் படபடவென்று விழுந்து, முற்றத்தில் மண்ணைக் கிளப்பி, கொடியில் கிடந்த சீலையை மறுபடி நனைத்தது. எடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. கோமளா முதல் காயை முடித்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். அதைச் சீவும்போது கை மறுபடி நின்றது. குமரகுரு பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“என்ன, என்ன பண்ணுது?”

அவள் கன்னத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் புதிதாக ஒரு ஞாபகம் வந்திருந்தது. வெயில் காலம். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருக்கிறது. கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டு, மாவு அரைத்துத் தராத குமரகுருவை அவள் திட்டிக்கொண்டிருக்கிறாள். எந்த வருஷத்து வெயில் என்று தெரியவில்லை. ஆனால் வலி, அந்த விண்விண் என்று தெறிக்கிற வலி, துல்லியமாக ஞாபகம் இருந்தது.

“கடவாப்பல்லு வலிக்கப் போவுதுங்க எனக்கு” என்றாள் கோமளா, முகமெல்லாம் கண்ணீராக. “பயங்கரமா வலிக்கப் போவுது.”